பாறைமேல் ஆக்சலேட்: ராமனா, எஃப்டிஐஆரா, எக்ஸ்ஆர்டியா?

எம்எஸ்சி இறுதியாண்டு மாணவர்கள் திட்ட ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் பருவத்தில் வேலூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் ஒரே மாதிரித் தலைப்புகள்தான் சுற்றி வரும். பாலாற்று நீரின் தரம், ராணிப்பேட்டை குரோமியம், தோல் தொழிற்சாலைக் கழிவுநீரில் சாயம் நீக்கல், அப்புறம் ஏதாவது ஓர் இலைச் சாற்றில் தயாரித்த நானோ துகள். குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் தேவையானவைதான். இப்போது ஓரிருவர் கரிமக் கனிமங்கள் பற்றிக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கேட்கும்போதே கருவியில்தான் ஆரம்பிக்கிறார்கள்: "சார், ராமன் மட்டும் எடுத்தால் போதுமா, எஃப்டிஐஆரும் வேணுமா?" (ராமன் லேசர் ஒளி சிதறுவதைப் பார்க்கும், எஃப்டிஐஆர் அகச்சிவப்பு உறிஞ்சப்படுவதைப் பார்க்கும்; தலைப்பில் உள்ள எக்ஸ்ஆர்டி எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்ப்பது.)

என் பதில், முதலில் எந்த மாதிரி என்று முடிவு செய்யுங்கள் என்பதுதான். கையில் எவ்வளவு பொருள் கிடைக்கும், அதைச் சுரண்டி எடுக்க அனுமதி உண்டா, அதோடு வேறு என்ன கலந்திருக்கும் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் கருவித் தேர்வு பாதி முடிந்த மாதிரி. மாறாக, கருவி இருக்கிறது என்பதற்காக மாதிரி தேடினால் கடைசியில் அகன்ற முகடுகள் நிறைந்த ஒரு படம்தான் மிஞ்சும்.

அறிமுகமாகச் சில வார்த்தைகள். இன்று அங்கீகரிக்கப்பட்ட கனிம வகைகள் ஆறாயிரத்தை நெருங்குகின்றன அல்லது தாண்டுகின்றன. அவற்றில் கரிமச் சேர்மங்கள் நூறு கூட இல்லை. ஸ்ட்ரன்ஸ் வகைப்பாட்டில் கடைசியாக வரும் பத்தாவது வகுப்பு இவற்றுக்கானது. இதற்குள் இரண்டு பெரிய கூட்டங்கள் உண்டு. ஒன்று, கரிம அமிலங்களின் உப்புகள்: ஆக்சலேட், சிட்ரேட், அசிட்டேட், மெல்லிட்டேட். இன்னொன்று ஹைட்ரோகார்பன்களும் அவற்றின் உறவினர்களும். யூரியா, யூரிக் அமிலம், குவானின் மாதிரி உதிரிகளும் இருக்கின்றன.

ஹைட்ரோகார்பன் கூட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். கார்பதைட் என்பது கிட்டத்தட்டத் தூய கொரோனீன், ஒரு பென்சீன் வளையத்தைச் சுற்றி ஆறு வளையங்கள். 1955இல் கார்பதிய மலைப் பகுதியிலிருந்து விவரிக்கப்பட்டது. கலிபோர்னியாவின் ஒரு பாதரசச் சுரங்கத்திலும் அழகான மஞ்சள் ஊசிகளாகக் கிடைக்கிறது. புற ஊதா விளக்கைக் காட்டினால் நீலப்பச்சையாக ஒளிரும். ஸ்லோவேனியாவின் இட்ரியா பாதரசச் சுரங்கம் இட்ரியலைட்டுக்குப் பெயர் கொடுத்தது. நிலக்கரி எரியும் இடங்களில் ஆவி படிந்து உருவாகும் ஹோயலைட் நம் ஆய்வகத்து அந்த்ராகுவினோன்தான். அமெரிக்காவின் யூட்டா எண்ணெய்க் களிப்பாறையில் கிடைக்கும் ஏபெல்சனைட் இன்னும் விசித்திரம்: ஒரு நிக்கல் போர்பிரின், பழைய பச்சையத்தின் மிச்சம். இவற்றில் எதுவும் பழைய வட ஆற்காட்டு மண்ணில் எடுக்கக் கிடைக்காது. வெளிநாட்டு விற்பனையாளரிடம் நகம் அளவுக்கு ஒரு துண்டு வாங்கலாம். அப்போது அவர் ஒட்டிய சீட்டைத்தான் நம்ப வேண்டும், கிடைத்த இடத்தின் பாறையைப் பார்த்திருக்க மாட்டீர்கள், பொருள் மிகக் குறைவு என்பதால் ஒரு தவறான அரைப்புக்குக்கூட இடமில்லை. திட்ட ஆய்வுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. காசு இருக்கிறவர்கள் வாங்கி, வகுப்பில் விளக்கு போட்டுக் காட்டலாம்.

ஆக்சலேட் அப்படியில்லை. வேலூரில் எங்கு நின்றாலும் ஒரு கல் கரடு கண்ணில் படும். அந்தப் பாறைகளில் சாம்பல், வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு எனப் பல நிறங்களில் பொருக்குப் பொருக்காக ஒட்டியிருப்பது லைக்கன், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுயிர். மசாலாவில் போடும் கல்பாசியும் லைக்கன்தான், ஆனால் அது இலை வடிவம்; நமக்கு வேண்டியது பாறையோடு பிரிக்க முடியாமல் ஒட்டிய மேலோட்டு வகை. அதன் பூஞ்சைப் பகுதி ஆக்சாலிக் அமிலத்தைச் சுரக்கும். அது ஃபெல்ட்ஸ்பாரிலிருந்தோ கால்சைட்டிலிருந்தோ கால்சியத்தைப் பிடித்தால், கரையாத கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் லைக்கனின் உடலுக்குள்ளும் அதற்கும் பாறைக்கும் நடுவிலும் சேரும். நீர் மூலக்கூறு ஒன்று இருந்தால் வெவெல்லைட், இரண்டு இருந்தால் வெட்டலைட். முன்னது மோனோஹைட்ரேட், நிலையானது. பின்னது டைஹைட்ரேட், வெப்பமும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் காலப்போக்கில் முன்னதாக மாறிவிடும். கீழே பெயர் குழம்பாமலிருக்க மோனோ, டை என்றே எழுதுகிறேன்.

கால்சியம் இல்லாத பாறையிலும் கதை முடிவதில்லை. மெக்னீசியம் மிகுந்த பாறையில் லைக்கனுக்கு அடியில் மெக்னீசியம் ஆக்சலேட்டான குளுஷின்ஸ்கைட் உருவானதை ஸ்காட்லாந்தில் 1980இல் பதிவு செய்திருக்கிறார்கள். செம்புத் தாதுமேல் வளர்ந்தால் செம்பு ஆக்சலேட்டான மூலூவைட் கிடைக்கலாம். இரும்புக்கு ஹம்போல்டைன். அதனால் ஒரே வகை லைக்கனை இரண்டு மூன்று பாறைகளிலிருந்து எடுத்து ஒப்பிடுவது நல்ல, சின்ன, முடிக்கக்கூடிய ஆய்வு. அதற்கு நம் பக்கம் வசதியும் இருக்கிறது. வேலூரைச் சுற்றி கிரானைட், நைஸ், சார்னக்கைட், ஏலகிரியில் சயனைட் (syenite) பாறை, திருப்பத்தூருக்கு அருகே செவ்வாத்தூரில் கார்பனடைட், அதாவது பாறைக்குழம்பிலிருந்து உருவான கார்பனேட் பாறை. கிரானைட்டில் கால்சியம் கொஞ்சம்தான், கார்பனடைட்டில் தாராளம், சார்னக்கைட்டில் உள்ள பைராக்சீன் கனிமத்தில் இரும்பும் மெக்னீசியமும் உண்டு. மூன்றையும் ஒரே நாள் பயணத்தில் தொட்டுவிடலாம். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் கடிதங்கள்தான் இரண்டு மூன்று அலுவலகங்களுக்குப் போக வேண்டியிருக்கும்.

கடிதம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். வேலூர்க் கோட்டைச் சுவரில் லைக்கன் இருக்கிறதே என்று ஸ்பேட்டுலாவோடு போய் நிற்காதீர்கள். அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றி ஒரு துகளையும் சுரண்டக் கூடாது. வள்ளிமலைச் சமணச் சிற்பங்கள், ஆர்மாமலைக் குகை ஓவியங்கள் இருக்கும் பாறைகளிலும் கை வைக்கவே வேண்டாம். ஜவ்வாது மலைக் காப்புக் காட்டுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். முதல் மாதிரிக்கு நல்ல இடம், தெரிந்தவர் நிலத்தில் கிடக்கும் பாறை, அல்லது கைவிட்ட கல்குவாரியின் பழைய முகம். கேட்டு எடுங்கள், யாரும் மறுப்பதில்லை. எதற்கு என்று மட்டும் அரை மணி நேரம் விளக்க வேண்டிவரும்.

மூன்றாவது வழி சிறுநீரகக் கல். பெரும்பாலான கற்களில் இதே மோனோவும் டையும்தான். பாறையியலில் வந்த இந்தப் பெயர்களைக் கற்களின் ஆய்வுக்குள் பெரிய அளவில் கொண்டுவந்தது 1940களில் பிரியன், ஃபிராண்டெல் ஆகிய இருவரின் வேலை. மருத்துவமனைகளுக்குப் பேர் போன ஊரில் மாதிரிக்குப் பஞ்சமில்லை என்று தோன்றும். ஆனால் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், நோயாளியின் சம்மதம், அடையாளம் நீக்கிய பதிவு இவையெல்லாம் முடிய ஒரு பருவமே போய்விடும். கனிமவியலின் கண்டிப்பான வரையறையில், புவியியல் செயல்பாட்டின் பங்கே இல்லாமல் உடலுக்குள் மட்டும் உருவான பொருள் கனிமம் ஆகாது. லைக்கன் படிவில் பாறையின் கால்சியம் கலந்திருக்கிறது என்பதால் அங்கே வாதாட இடமுண்டு. பிஎச்டி செய்கிறவர்கள் கல்லுக்குப் போகலாம். எம்எஸ்சிக்குப் பாறையே போதும்.

சரி, கருவிக்கு வருவோம். பாறையில் சுரண்டிய தூள் ஒன்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆக்சலேட் இருக்கிறதா? இருந்தால் மோனோவா, டையா, இரண்டின் கலவையா? கூட என்ன கனிமம்? இந்த மூன்றையும் ஒரே கருவி ஒழுங்காகச் சொல்லாது. கீழே வரும் பட்டை, முகடு எண்கள் அலைஎண், செ.மீ⁻¹ அலகில்; லேசர் எண்கள் நானோமீட்டரில், எக்ஸ்ஆர்டி எண்கள் பாகையில்.

எஃப்டிஐஆரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இது அனேகமாக உங்கள் கல்லூரியிலேயோ அடுத்த கல்லூரியிலேயோ இருக்கும். ஆக்சலேட்டின் கார்பாக்சிலேட் தொகுதி அகச்சிவப்பை நன்றாக உறிஞ்சும். மோனோவில் 1620 அருகே ஒரு வலுவான பட்டை, 1317இல் கூர்மையான இன்னொன்று, 780இல் ஒன்று. டையில் முதலாவது 1640ஐத் தாண்டி நகரும், இரண்டாவது 1325 பக்கம் போகும். நீரின் பகுதி இன்னும் பேசும்: மோனோவில் 3050க்கும் 3490க்கும் நடுவில் தனித்தனியாக ஐந்து முகடுகள் தெரியும், டையில் 3470ஐ ஒட்டி ஒரே அகன்ற மேடு. இந்த ஐந்து முகடு கிடைத்துவிட்டால் மோனோவைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம்.

இங்கே கிரானைட் பாறைக்கே உரிய ஒரு வம்பு இருக்கிறது. குவார்ட்ஸுக்கு 798, 779 என்று ஓர் இரட்டைப் பட்டை உண்டு. நம் பாறைத் தூளில் குவார்ட்ஸ் கலக்காமல் இருக்கவே இருக்காது. அந்த 779 மோனோவின் 780மேல் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். மதிப்பீட்டுக்கு வரும் ஆய்வறிக்கைகளில் இந்த 780ஐ மட்டும் அம்புக்குறியிட்டு வெவெல்லைட் என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். சுண்ணாம்புக்கல் நாட்டுக்காரர்கள் எழுதிய கட்டுரையை வைத்துப் பட்டை அடையாளம் சொன்னால் இப்படித்தான் ஆகும். அவர்கள் பாறையில் குவார்ட்ஸ் தொல்லை இல்லை. நாம் 1317ஐத்தான் நம்ப வேண்டும். சிலிக்கேட்டின் பெரிய பட்டை 1000 முதல் 1100 வரை பரவினாலும் 1317ஐத் தொடாது. செவ்வாத்தூர் மாதிரியானால் நிலைமை தலைகீழ்: கார்பனேட்டின் அகன்ற பட்டை 1420 பக்கம் எழுந்து 1317இன் அடிவாரத்தைத் தூக்கிவிடும். அங்கே 875, 712 இரண்டையும் பார்த்து எவ்வளவு கால்சைட் என்று கணித்துக்கொண்டு, பிறகு 1317க்கு வர வேண்டும்.

எஃப்டிஐஆருக்குள்ளேயே கேபிஆர் வில்லையா, ஏடிஆரா என்று ஒரு கிளைத் தேர்வு. வில்லை முறையில் ஒரு மில்லிகிராம் மாதிரியை நூறு, இருநூறு மில்லிகிராம் பொட்டாசியம் புரோமைடோடு அரைத்து அழுத்துவோம். பட்டைகள் அழகாக வரும், வடிவம் பழைய கட்டுரைகளோடு ஒத்துப்போகும். ஆனால் அரைக்கும்போதே டை கொஞ்சம் மோனோவாகலாம். கேபிஆர் காற்றின் ஈரத்தை இழுக்கும் பொருள். ஐப்பசி மழையில் இந்த வில்லையைப் போட்டால் 3400 பக்கம் வரும் மேடு டையின் நீரா, வானத்து நீரா என்று கருவிக்குத் தெரியாது. ஏடிஆரில் அரைக்க வேண்டியதில்லை, ஒரு சிட்டிகை தூளை வைரத்தின்மேல் வைத்து அழுத்தினால் போதும், மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒளி மேற்பரப்பில் ஓரிரு மைக்ரான் ஆழம்தான் நுழையும் என்பதால் துகள் நன்றாக ஒட்ட வேண்டும். பட்டைகளின் ஒப்பளவு வலிமையும் இடமும் வில்லை முறையிலிருந்து சற்று மாறும், ஏடிஆர் திருத்தம் போட மறக்கக் கூடாது. இரண்டும் இருந்தால் ஏடிஆர். தூள் நிறைய இருந்து, மாதமும் பங்குனியாக இருந்தால் வில்லையும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

ராமனின் பலம் வேறு. மோனோவையும் டையையும் பிரித்துக் காட்டுவதில் இதற்கு ஈடில்லை. மோனோவில் 1463, 1490 என்று தெளிவான இரட்டை முகடு. டையில் நடுவில் 1476 அருகே ஒற்றை முகடு. 896 என்றால் மோனோ, 910 என்றால் டை. எண்களை மனப்பாடம் செய்யக்கூடத் தேவையில்லை, படத்தைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். குவார்ட்ஸ் 464இல் போய் ஒதுங்கிக்கொள்ளும், கால்சைட் 1086இல், ஜிப்சம் 1008இல். யாரும் யார் காலையும் மிதிப்பதில்லை. நீரின் பட்டைகள் ராமனில் வலுவில்லாதவை, அதனால் ஈரப்பதம் தொந்தரவு செய்யாது. நுண்ணோக்கி இணைந்த ராமனில் ஒரு மைக்ரான் அளவு புள்ளியைத் தேர்ந்து எடுக்கலாம். தூளாக்காமல், லைக்கனின் குறுக்குவெட்டில் மேலே டை, கீழே மோனோ என்று அடுக்கடுக்காகக் காட்டவும் முடியும். ஒரு எச்சரிக்கை: மெக்னீசியம், இரும்பு ஆக்சலேட்டுகளுக்கும் 1470 அருகே முகடு உண்டு. சார்னக்கைட் மாதிரியில் அங்கே ஒற்றை முகடு பார்த்தவுடன் டை என்று எழுதிவிடாமல் வேறொரு சான்றும் தேடுங்கள்.

இவ்வளவு நல்ல கருவியை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றால், லைக்கன் ஓர் உயிர்ப்பொருள். ராமன் சிதறல் என்பது கோடி ஃபோட்டான்களில் ஒன்று என்ற அளவுக்கு அரிதாக நடப்பது, ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் 1928இல் லேசர் இல்லாமல் அதைக் கண்டதே அதிசயம். மாதிரியில் பச்சையமும் லைக்கன் நிறமிகளும் இருந்தால் அவற்றின் ஒளிர்வு இந்தச் சிதறலை மூழ்கடித்துவிடும், ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மலைப்படியில் நின்று ஒருவர் காதில் முணுமுணுப்பது மாதிரி. எனவே ராமன் என்று முடிவு செய்தவர் எந்த லேசர் என்று இன்னொரு முடிவும் செய்தாக வேண்டும்.

532 நானோமீட்டர் பச்சை லேசர் பல ஆய்வகங்களில் இருப்பது. சிதறலின் வலிமை அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம் என்பதால் 785ஐவிட இது கிட்டத்தட்ட ஐந்து மடங்கு, 1064ஐவிடப் பதினாறு மடங்கு சிக்னல் தரும். கணக்கில் வெற்றி இதற்குத்தான். லைக்கனில் தோல்வியும் இதற்கே: கரோட்டினாய்டுகள் இந்த நிறத்தில் ஒத்ததிர்வு கொண்டு 1520, 1155, 1005 மூன்றிலும் பெரிய முகடுகளை நிறுத்திவிடும், ஆக்சலேட்டின் 1490 அதன் நிழலில் போய்விடும். உயிருள்ள லைக்கனை நீக்கி அடியில் இருக்கும் வெறும் படிவை மட்டும் பார்ப்பதென்றால் 532 தாராளமாகச் சரி.

785 நடுவழி. ஒளிர்வு குறையும், சிக்னல் ஓரளவு வரும், கையில் தூக்கிச் செல்லும் ராமன் கருவிகளில் பெரும்பாலும் இதுதான். குறை என்னவென்றால் இதில் 3000க்கு மேற்பட்ட பகுதி ஒரு மைக்ரானுக்கு அப்பால் போய்விழும், சிலிக்கான் உணரி அங்கே கிட்டத்தட்டக் குருடு. நீரின் முகடுகளைப் பார்க்க நினைத்தால் கிடைக்காது. நமக்கு 1490க்கும் 896க்கும் நடுவில்தான் வேலை என்பதால் நான் இதைப் பெரிய குறையாக எண்ணுவதில்லை.

1064 என்றால் எஃப்டி-ராமன். சிக்னல் சன்னம், நேரம் அதிகம், ஆனால் ஒளிர்வு அநேகமாக அடங்கிவிடும். லைக்கன் ராமன் ஆய்வுகளில் பழைய, நல்ல வேலைகள் பலவும் இந்த அலைநீளத்தில் நடந்ததற்கு இதுவே காரணம். தமிழ்நாட்டில் இதற்கு வழி இருக்கிறது: சென்னை ஐஐடியின் எஸ்ஏஐஎஃப் மையம் வெளியாரின் மாதிரிகளைக் கட்டணத்துக்கு எடுத்துக்கொள்வது, நம் மாநிலத்து ஆய்வுக் கட்டுரைகள் ஏராளமானவற்றில் எஃப்டி-ராமன் படம் அங்கே எடுத்ததாகத்தான் இருக்கும். காட்பாடியில் காலை ரயிலேறினால் மாதிரியை நேரில் கொடுத்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். கட்டணத்தையும் வரிசையையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், பருவ இறுதியில் எல்லாக் கல்லூரியும் அங்கேதான் நிற்கும். நான் மேலே வேண்டாம் என்று தள்ளிய கார்பதைட், இட்ரியலைட் வகையறாவை யாராவது பிடிவாதமாக எடுத்தால் அவர்களுக்கு 1064 தவிர வழியே இல்லை. ஒளிர்வுக்காகவே புகழ்பெற்ற பொருளைப் பச்சை லேசரில் காட்டிப் பயனில்லை.

எந்த லேசரானாலும் சக்தியைக் குறைத்துத் தொடங்குங்கள். கருநிற லைக்கன் லேசரை உறிஞ்சிச் சூடாகும், டையின் நீர் அங்கேயே பறந்துவிடும், பிறகு நீங்கள் பார்ப்பது பாறையில் இருந்தது அல்ல, உங்கள் லேசர் தயாரித்தது. ஒரே புள்ளியில் இரண்டு முறை எடுத்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது இதற்கான எளிய சோதனை.

எக்ஸ்ஆர்டியை நிறமாலை என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் ஒப்பீட்டில் இடம் உண்டு. படிக அமைப்பை நேரடியாகக் காட்டுவது இதுதான். கனிமவியலாளர் ஒருவர் மதிப்பீட்டுக்கு வந்தால் முதலில் இதைத்தான் கேட்பார். செம்புக் கதிரில் மோனோவின் முதல் முக்கிய முகடு 14.9 பாகையில், டையின் முதல் முகடு 14.3இல், டைக்கு 20.1இலும் 32.2இலும் நல்ல துணை முகடுகள் உண்டு. ராமனில் குழப்பிய மெக்னீசியம் ஆக்சலேட்டையும் இது பிரித்துவிடும். தொல்லை இரண்டு. பொருள் கணிசமாக வேண்டும், ஒரு லைக்கன் திட்டிலிருந்து சுரண்டியது பல சமயம் பற்றாது. அப்புறம், குவார்ட்ஸின் 26.6 முகடு எல்லாவற்றையும் குள்ளமாக்கிவிடும். சில சதவீதத்துக்கும் குறைவான ஆக்சலேட் பின்னணி இரைச்சலில் தொலைந்துபோகும். தூளை நீரில் கலக்கி, கனமான குவார்ட்ஸ் அடியில் தங்கியதும் மேலே மிதக்கும் மென்துகளை மட்டும் எடுத்து உலர்த்தினால் கொஞ்சம் தேறும். நிறைய நேரம் ஊறப் போடாதீர்கள், டை பாவம்.

டிஜிஏ (சூடாக்கி எடை குறைவதை அளக்கும் முறை) பற்றி ஒரு பத்தி போதும். தூய மோனோவைச் சூடாக்கினால் எடை மூன்று படியாக இறங்கும்: நீர் 12.3 சதவீதம், கார்பன் மோனாக்சைடு 19.2, கார்பன் டைஆக்சைடு 30.1. டையில் நீர் மட்டும் 22 சதவீதம். தூய மாதிரியில் இது அழகான சான்று. பாறைத் தூளில் லைக்கனின் உடலும் சேர்ந்து எரிவதால் படிகள் குழம்பும், மாதிரியும் திரும்பக் கிடைக்காது. ஆய்வகத்தில் நீங்களே தயாரிக்கும் ஒப்பீட்டுப் பொருளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒப்பீட்டுப் பொருளைத் தயாரிக்காமல் வேலையை ஆரம்பிக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். கால்சியம் குளோரைடையும் சோடியம் ஆக்சலேட்டையும் நீர்த்த கரைசலாகச் சூட்டில் கலந்தால் மோனோ வந்துவிடும். டை வேண்டுமென்றால் குளிர்ந்த கரைசல், அதிகக் கால்சியம், கொஞ்சம் சிட்ரேட். அப்படியும் முதல் தடவை கலவையாகத்தான் வரும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கலவையின் படமும் பின்னால் பயன்படும். ஆக்சலேட் உப்புகள் நச்சு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஆர்ரஃப் தரவுத்தளத்தில் கனிமங்களின் ராமன் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் உங்கள் கருவியில் உங்கள் அமைப்பில் எடுத்த படத்தோடு ஒப்பிடுவதற்கு அது மாற்றாகாது, நாலைந்து எண் தள்ளி நிற்கும் முகட்டை வைத்து 1470ஆ 1476ஆ என்று தீர்ப்புச் சொல்லவே முடியாது.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். கிரானைட் மாதிரி, சுரண்டிய தூள், குறைந்த பணம்: ஏடிஆர் முறையில் எஃப்டிஐஆர். எல்லா மாதிரியையும் முதலில் இதில் போடுங்கள். 1317ஓ 1325ஓ இல்லாததையெல்லாம் அங்கேயே ஒதுக்கிவிடலாம், பாதி மாதிரி குறைந்துவிடும். மிச்சமுள்ளவற்றுக்கு மட்டும் ராமன், 785 கிடைத்தால் அது, ஒளிர்வு அடங்காவிட்டால் 1064. சார்னக்கைட்டுக்கு எக்ஸ்ஆர்டி கட்டாயம், கிரானைட்டுக்கு விருப்பம். எல்லாவற்றையும் மூன்று கருவியிலும் போட்டு அறுபது படம் ஒட்டிய அறிக்கையை நான் மதிப்பதில்லை.

தொடக்கூடாத இடம் என்றால் வரிசை மாறும். அனுமதி வாங்கிக் கோட்டையிலோ ஒரு கோயில் மதிலிலோ அளப்பதாக இருந்தால் கையடக்க ராமன் ஒன்றுதான் கதி, எஃப்டிஐஆர் பேச்சுக்கே இடமில்லை. அதிகாலையில் போங்கள், வெயில் ஏறினால் சூரிய ஒளியே உணரியை நிரப்பிவிடும். முனையைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டிக்கொள்ளுங்கள், லேசர் கண்ணாடி எல்லோருக்கும் வேண்டும், வேடிக்கை பார்க்க வரும் குழந்தைகளை எட்டி நிற்கச் சொல்ல ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள்.

மாதிரியைப் பத்திரப்படுத்துவது பற்றியும் ஒரு வார்த்தை. சித்திரை, வைகாசியில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மாதிரிப் பையை இருசக்கர வண்டிப் பெட்டியில் மத்தியானம் முழுக்க விட்டுவிட்டு, பிறகு டை ஏன் இல்லை என்று கேட்கக் கூடாது. தூளாக்காமல் சில்லாகவே காகித உறையில் வைத்து, எடுத்த தேதியையும் பாறையின் எந்தப் பக்கம், நிழலா வெயிலா என்பதையும் உறைமேலேயே எழுதி, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அளந்துவிடுங்கள். ஈரம் உறிஞ்சும் டெசிகேட்டரில் மாதக்கணக்கில் பூட்டி வைப்பதும் டைக்கு ஆகாது.

சென்னைக்கு மூன்றே மூன்று மாதிரி அனுப்பத்தான் பணம் இருக்கிறது என்றால்: எஃப்டிஐஆரில் 1317 மிகத் தெளிவாக வந்த கிரானைட் சில்லு ஒன்று, 1325 பக்கம் தோள் தட்டும் சந்தேகக் கேஸ் ஒன்று, மூன்றாவது நீங்களே தயாரித்த டை.